முதலில் கூரை, பிறகு கம்பி: பிக்கப்பில் ஹேம் ரேடியோ ஆன்டெனா பொருத்திய பதிவு

பிக்கப்பில் ரேடியோ வைக்கப் போகிறேன், எந்த ஆன்டெனா வாங்கலாம் என்று புதிதாக ஹேம் ரேடியோ (பொழுதுபோக்காகப் பேசும் அமெச்சூர் வானொலி) லைசென்ஸ் எடுத்த தம்பிகள் கேட்கும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வண்டியில் எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்கள்? கடையில் வாங்கும் கம்பி ஆன்டெனாவில் பாதிதான். மறுபாதி நம் வண்டியின் தகடு. கம்பியில் ஓடும் மின்னோட்டத்துக்கு ஈடாக அடியில் இருக்கும் தகட்டிலும் மின்னோட்டம் ஓட வேண்டும். அந்தத் தகடு கம்பியைச் சுற்றி நாலா பக்கமும் விரிந்திருந்தால் அலை எல்லாத் திசைக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி போகும். ஒரு பக்கம் தகடு, மறுபக்கம் வெறும் காற்று என்றால் அலையும் ஒரு பக்கமாகத்தான் சாயும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகள் தாமாக வரும்.

என்னுடையது இரட்டைக் கேபின் டீசல் பிக்கப். பின்தொட்டிக்கு மேல் ஃபைபர் கேனபி, அதாவது உலோகமில்லாத மூடுகூண்டு. ஏர்கோன் பொருத்தும் வேலை என்பதால் பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால் என்று ஓடிக்கொண்டே இருப்பேன், அடிக்கடி பாலம் தாண்டித் தீவுக்கும் போவேன். 2017 நவம்பரில் பினாங்கில் பெருவெள்ளம் வந்தபோது எங்கள் பக்கம் மின்சாரம் போய்விட்டது. கைப்பேசியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று பார்த்துப் பார்த்துப் பேசினோம். வண்டி பேட்டரியிலேயே ஓடும் ரேடியோ ஒன்று நிரந்தரமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது வந்தது. கையடக்க ரேடியோவை வண்டிக்குள் வைத்துப் பேசுவது ஒரு வழியே அல்ல. கேபின் முழுக்கத் தகடு, ஜன்னல் வழியாக வெளியேறும் கொஞ்சம் அலைதான் மிச்சம்.

ரேடியோ 50 வாட், இரண்டு அலைவரிசைப் பட்டை: 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ், 430 முதல் 440 மெகாஹெர்ட்ஸ். மலை மேல் இருந்து நம் குரலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர்களைப் பிடிக்க வேண்டும், ரிப்பீட்டர் இல்லாமல் நண்பர்களோடு நேரடியாகவும் பேச வேண்டும். இவ்வளவுதான் தேவை.

பிக்கப்பில் ஆன்டெனா வைக்க மனிதர்கள் தேர்ந்தெடுக்கும் இடங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். பானெட் ஓரத்தில் எல் வடிவப் பட்டை, கூரை ரேக், தொட்டியின் பக்கவாட்டு விளிம்பு, கதவு இடுக்கில் கடிக்கும் கிளிப், கூரையில் காந்தம், கூரையில் ஓட்டை. ஓட்டை போட்டால் திரும்ப அடைக்க முடியாது. ஆகவே டிரில்லைத் தொடும் முன்பு, ஒரே காந்த அடியையும் (கம்பியைத் தாங்கும் பகுதி) ஒரே கால் அலைக் கம்பியையும் (அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ளது) இடம் மாற்றி மாற்றி வைத்து அளந்து பார்த்தேன். ஆன்டெனா எந்த அலைவரிசையில் எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் நானோ வி.என்.ஏ. என்ற சின்னக் கருவி இதற்குப் போதும். அதன் கேபிள் முனையில் திறந்த நிலை, குறுக்குச் சுற்று, 50 ஓம் என்று மூன்று முனைகளை மாட்டி முதலில் அதன் அளவைச் சரிப்படுத்திக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் திரையில் தெரியும் கோட்டை நம்பக் கூடாது.

கூரை நடுவில் வைத்தபோது 145 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர்., அதாவது ஆன்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் எண் (1 என்றால் முழுப் பொருத்தம்), 1.4. பானெட் ஓரத்துக்குக் கொண்டு போனேன், 1.9 ஆனது. தொட்டி விளிம்பில், ஃபைபர் கேனபியை ஒட்டி வைத்தபோது 2.4. எண்ணாகப் பார்த்தால் 1.9 ஒன்றும் பெரிய கேடு இல்லை. எஸ்.டபிள்யூ.ஆர். 2 என்றால் திரும்பி வரும் சக்தி நூற்றுக்கு 11 பங்குதான், காதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 3 என்றால் 25 பங்கு, அங்கேதான் ரேடியோ தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைக்கத் தொடங்கும். ஆனால் அந்த எண் எந்தப் பக்கம் அலை போகிறது என்று சொல்லாது. அதற்கு மனிதர் தேவை.

சுங்கைப்பட்டாணியில் இருக்கும் நண்பர் ஒருவர் ரேடியோவுக்கு முன்னால் பொறுமையாக உட்கார்ந்தார். நான் ஒரு காலித் திடலில் வண்டியை மெதுவாக வட்டமடித்தேன். பானெட்டின் இடது ஓரத்தில் கம்பி இருந்தபோது, வண்டியின் வலது பின்மூலை அவர் பக்கம் திரும்பினால் தெளிவாகக் கேட்டது, இடது முன்மூலை திரும்பினால் இரைச்சல் ஏறியது. தகடு எந்தப் பக்கம் நீண்டு கிடக்கிறதோ அந்தப் பக்கம்தான் அலை விரும்பிப் போகிறது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. பானெட் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அதில் அரை மீட்டர்க் கம்பியை நட்டால் அதன் நுனிகூட 1.8 மீட்டர்க் கூரையைத் தாண்டாது. முழு ஆன்டெனாவும் கேபினுக்கு முன்னால் மறைந்து நிற்கிறது. பானெட் ஓரப் பட்டைதான் வேண்டும் என்றால் கூரையைத் தாண்டி எழும் நீளக் கம்பியைப் போடுங்கள், குட்டைக் கம்பி அங்கே வீண்.

கம்பியைக் கூரை நடுவில் வைத்து வட்டமடித்தபோது, வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் நண்பர் வித்தியாசம் சொல்லவில்லை. இடம் முடிவாகிவிட்டது.

அங்கேயே காந்தத்தை விட்டுவிடலாமே என்று கேட்கலாம். கம்பெனி வண்டிக்கும், தவணை முடியாத வண்டிக்கும், ஆறு மாதத்தில் விற்கப் போகும் வண்டிக்கும் காந்தம்தான் சரி, தயங்க வேண்டாம். இந்த அலைவரிசைகளில் அது நன்றாகவே வேலை செய்யும். பெயிண்டுக்கு மேல் காந்தமும் கீழே தகடும் சேர்ந்து ஒரு கப்பாசிட்டர் போல நிற்பதால் பூமி இணைப்பு கிடைத்துவிடுகிறது. ஆனால் பல வருடம் வைத்திருக்கப் போகும் வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கடலோரக் காற்றில் உப்பும் மணலும் காந்தத்துக்கு அடியில் போய் உட்காரும். எடுத்து எடுத்து வைக்கும்போது அதுவே பெயிண்டைச் சுரண்டும், சுரண்டிய இடத்தில் துரு பிடிக்கும். கேபிள் கதவு ரப்பரில் நசுங்கும். நம் ஊர் மழையில் அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே தண்ணீரும் உள்ளே இறங்கும்.

ஃபைபர் கேனபி மேல் வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். உயரம் இருக்கிறது, தகடு இல்லை. கால் அலைக் கம்பியும் எட்டில் ஐந்து பங்கு அலைக் கம்பியும் அங்கே சரியாக வேலை செய்யாது. அரை அலை வகைக் கம்பி என்றால் பூமித் தகட்டை அவ்வளவாக எதிர்பார்க்காது. டயமண்ட் என்.ஆர்.770 போன்ற ஒரு மீட்டர் நீளக் கம்பிகள் 144 பட்டையில் அந்த வகைதான். கூரையைத் தொடவே முடியாதவர்களுக்கு அது நல்ல வழி.

சரி, ஓட்டை போடுவது என்று தீர்மானித்தேன். எங்கள் வரிசையில் கார் வயரிங் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் கூரையைத்தான் பார்த்தார்.

"ஏன் தம்பி, நல்ல வண்டியாச்சே. கூரையில ஓட்டையா?"

"ஆமாண்ணே. போலீஸ் வண்டியிலயும் டாக்சியிலயும் போடுறது இல்லையா? சரியாப் போட்டா ஒழுகாது."

"ஒழுகறது இருக்கட்டும். திரை ஏர்பேக் இருக்கா உனக்கு?"

இருந்தது. அந்த ஒரு கேள்விக்காகவே அவரிடம் போனது நல்லதாயிற்று. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் இருக்கும் வண்டிகளில் அது கதவுகளுக்கு மேலே, கூரையின் இரண்டு ஓரத்திலும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். விபத்தில் அது விரியும் பாதையில் கேபிள் குறுக்கே கிடந்தால் ஏர்பேக் சரியாக இறங்காது, கேபிளும் சாட்டைபோல அடிக்கும். ஆகவே கேபிளை எக்காரணம் கொண்டும் ஏர்பேக்குக்கு முன்னால் கொண்டு போகக் கூடாது. அண்ணன் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டார். அப்புறம்தான் உள்கூரையில் கை வைத்தார்.

முழு உள்கூரையையும் கழற்றத் தேவையில்லை. நடுவிளக்கைக் கழற்றினால் கை போகும் அளவுக்கு ஒரு வாசல் கிடைக்கிறது. பின்பக்கக் கைப்பிடிகளையும் பின்சுவர்ப் பிளாஸ்டிக்கையும் எடுத்தால் உள்கூரை பின்னால் ஒரு சாண் இறங்கும். உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தால் கூரைத் தகட்டுக்கு அடியில் குறுக்காக ஓடும் வலுவூட்டும் பட்டைகள் தெரியும். ஓட்டை அந்தப் பட்டை மேல் விழக் கூடாது, இரண்டு பட்டைகளுக்கு நடுவில் விழ வேண்டும். அளந்து பார்த்ததில் விளக்குக்குச் சற்றுப் பின்னால், இடவலமாகச் சரி பாதியில் இடம் அமைந்தது. சுற்றிலும் எந்தத் திசையிலும் அரை மீட்டருக்குக் குறையாமல் தகடு இருக்கிறது. 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை அரை மீட்டர்தான், ஆகவே இதைவிட நல்ல இடம் இந்த வண்டியில் கிடையாது. இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும். 50 வாட் அனுப்பும்போது உள்ளே இருப்பவர்களின் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் முழுத் தகடு நிற்கிறது. பிள்ளைகள் பின்னால் உட்காரும் வண்டியில் இது எனக்கு முக்கியம்.

அடிக்கு என்.எம்.ஓ. என்ற, ஓட்டையில் பொருத்தும் திருகு வகையைத் தேர்ந்தெடுத்தேன். கம்பியைக் கையாலேயே திருகிக் கழற்றலாம், வேறு கம்பியை மாட்டலாம், எதுவும் வேண்டாம் என்றால் ரப்பர் வளையம் உள்ள மூடியைத் திருகி வைக்கலாம். கூரைக்கு மேல் தெரிவது நாணயம் அளவுக்கு ஒரு பித்தளை வட்டம் மட்டும். ஒரு தடவை நல்ல அடி போட்டுவிட்டால் கம்பியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை, தேவைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம்.

வழக்கமான என்.எம்.ஓ. அடிக்கு முக்கால் அங்குல ஓட்டை, அதாவது 19 மில்லிமீட்டர். சாதாரண வட்ட ரம்பத்தாலும் போடலாம். ஆனால் இதற்கென்றே தோள் வைத்துச் செய்த வட்ட ரம்பம் கிடைக்கிறது. தகட்டை வெட்டியதும் அந்தத் தோள் கூரையில் தட்டி நின்றுவிடும், உள்கூரைத் துணிக்குள் பாயாது. அதோடு சுற்றிலும் பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டிக் கொடுக்கும் வகையும் உண்டு. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கினேன்.

மேலே மறைப்பு டேப் ஒட்டி, அதன் மேல் குறி வைத்து, சென்டர் பஞ்சால் ஒரு தட்டு. ரம்பத்தின் பல்லில் கிரீஸ் தடவிக்கொண்டால் இரும்புத்தூள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். கீழே உள்கூரைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு தடித்த அட்டை. டிரில்லை வேகமாகச் சுற்ற விடாமல், அழுத்தாமல், செங்குத்தாகப் பிடித்தால் நிமிடத்துக்குள் வட்டம் கழன்றுவிடும். தூளைத் துடைக்கக் கூடாது, துடைத்தால் பெயிண்டில் கோடு விழும். வாக்குவம் வைத்து உறிஞ்ச வேண்டும். காற்றில் உப்பு உள்ள ஊரில் ஒரு துளி இரும்புத்தூள் கூரையில் ஓர் இரவு கிடந்தாலே காலையில் பழுப்புப் புள்ளி தெரியும். பின்தொட்டியையும் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தையும்கூட விடாமல் உறிஞ்சினோம்.

வெட்டிய விளிம்பை வட்ட அரத்தால் மழித்து, விளிம்புக்கு மட்டும் துத்தநாக பிரைமர் தொட்டு வைத்தேன். தகட்டின் அடிப்பக்கத்தில், அடியின் பற்கள் கடிக்கும் இடத்தில் மட்டும் பெயிண்ட் இருக்கவே கூடாது. அங்கே வெறும் உலோகம் பளபளக்க வேண்டும், பிறகு மெல்லிய கிரீஸ் பூச்சு. இந்த வேலையில் அலட்சியமாக விடப்படுவது பெரும்பாலும் இந்த இடம்தான். மேலே எல்லாம் அழகாக இருக்கும், கீழே பல் பெயிண்டில் நிற்கும். அன்றைக்கு வேலை செய்யும், ஒரு மழைக்காலம் போனால் எஸ்.டபிள்யூ.ஆர். ஆடத் தொடங்கும். மேல் வளையத்தை இறுக்கும்போது அடியில் இருக்கும் ஓ-வளையம் பிதுங்கி வெளியே வராத அளவோடு நிறுத்த வேண்டும். தண்ணீரை நிறுத்துவது அந்த வளையம்தான். அதன் மேல் சிலிக்கான் பசையை அப்ப வேண்டியதில்லை.

கேபிள் போகும் வழியை ரேடியோ இருக்கும் இடம் தீர்மானிக்கிறது. ரேடியோவின் முகத்தைத் தனியாகக் கழற்றி டாஷ்போர்டில் வைத்துவிட்டு, உடலைப் பின் இருக்கைக்கு அடியில் வைத்தேன். ஆகவே கேபிள் கூரை நடுவிலிருந்து நேராகப் பின்னால் போய், பின்கண்ணாடி ஓரமாக, ஏர்பேக் முடியும் இடத்துக்கு அப்பால் இறங்கி, பின்சுவருக்குள் நுழைந்துவிடுகிறது. ஏர்பேக்கைத் தொடவே இல்லை. நீளமும் மூன்று மீட்டருக்குள் அடங்கிவிட்டது. ஆர்.ஜி.58 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிளில் 5 மீட்டர் ஓடினால் 145 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 1 டெசிபல் போகும், 435 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 2 டெசிபல். 2 டெசிபல் என்றால் 50 வாட்டில் 18 வாட்டுக்கு மேல் கேபிளிலேயே சூடாகிப் போகிறது. மிஞ்சிய கேபிளைச் சுருட்டி இருக்கைக்குக் கீழே திணிப்பதைவிட, வெட்டி முனையைப் புதிதாகப் போடுவது நல்லது.

முனை போட்டதும் மல்ட்டிமீட்டர். அடியின் வெளிவட்டத்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் பூஜ்யத்தை ஒட்டிய ஓம் காட்ட வேண்டும். கம்பி மாட்டாதபோது நடு ஊசிக்கும் வெளிவட்டத்துக்கும் நடுவில் இணைப்பே இருக்கக் கூடாது. கம்பி மாட்டிய பிறகு சில வகைகளில் குறுக்குச் சுற்றுப்போலக் காட்டும். அடியில் இருக்கும் பொருத்தச் சுருள் பூமியோடு சேர்ந்திருப்பதால் வருவது அது, கோளாறு இல்லை.

இனிக் கம்பி. இங்கே பினாங்கின் நில அமைப்பைப் பார்க்காமல் பேச முடியாது. கம்பி நீள நீள அலை தரையோடு ஒட்டிப் படிந்து தூரம் போகும், மேலே போகும் பங்கு குறையும். ஆயர் ஈத்தாமில் கொடிமலை அடிவாரத்தில் நின்று உச்சியைப் பார்த்தால், மலை 833 மீட்டர், கிடைத்தூரம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். தலையை 20 டிகிரிக்கு மேல் நிமிர்த்த வேண்டும். அந்தக் கோணத்துக்குக் கால் அலைக் கம்பிதான் தாராளமாக அனுப்பும். பட்டர்வொர்த்தில் நின்று கெடாவின் 1,217 மீட்டர் ஜெராய் மலையைப் பார்த்தால் கதை வேறு. நடுவில் 40 கிலோமீட்டருக்கு மேல் சமதரை, உச்சி நம் கண்ணுக்கு 2 டிகிரிகூட உயரவில்லை. அதற்கு எட்டில் ஐந்து பங்கு அலைக் கம்பி உதவும். நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் நேரடியாகப் பேசவும் அதுதான்.

ஆகவே இரண்டும் வைத்துக்கொண்டேன். அன்றாடம் கூரையில் நிற்பது கால் அலை. வடக்கே போகும் நாளில் மாற்றுவது 1.3 மீட்டருக்கு நெருங்கிய எட்டில் ஐந்து அலை. விற்பனைப் பெட்டியில் இருக்கும் டெசிபல் எண்ணை மட்டும் பார்த்து நீளமானதை வாங்கிவிடாதீர்கள். டயமண்ட் எஸ்.ஜி.7900 போன்றவை 158 சென்டிமீட்டர், தயாரிப்பாளர் சொல்வது 144 பட்டையில் 5 டி.பி.ஐ. அந்த 'ஐ' இருந்தால், எல்லாத் திசைக்கும் சமமாக வீசும் ஒரு கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டார்கள் என்று பொருள். சாதாரண இருமுனை ஆன்டெனாவோடு ஒப்பிட வேண்டுமென்றால் 2.15 கழிக்க வேண்டும். நல்ல கம்பிதான், ஆனால் 1.8 மீட்டர்க் கூரையில் நட்டால் மொத்தம் 3.4 மீட்டர். பத்து பெரிங்கியிலிருந்து தெலுக் பாஹாங் போகும் சாலையில் தாழ்ந்த கிளைகள் எத்தனை என்று ஒரு தடவை போய் வந்தாலே தெரியும். பாலத்தில் பக்கக்காற்றில் நீளக் கம்பி சாய்ந்து சாய்ந்து நிமிரும், அதோடு அனுப்பும் குரலும் படபடக்கும். பேரங்காடிகளின் அடுக்குக் கார் நிறுத்தங்களில் உயர வரம்பு பெரும்பாலும் 2 மீட்டர், 2.1 மீட்டர். கால் அலைக் கம்பி மெல்லிய எஃகு, குறுக்குச் சட்டத்தில் பட்டாலும் வளைந்து நிமிர்ந்துவிடும். இருந்தாலும் உள்ளே போகும் முன் இறங்கிக் கழற்றிவிடுவேன், மூடியைத் திருக ஒரு கணம் போதும்.

கால் அலைக்கு இன்னொரு வசதி, 435 என்பது 145-இன் மூன்று மடங்கு. அதே கம்பி அங்கே முக்கால் அலையாக நின்று ஓரளவு பொருந்திவிடுகிறது. ஆனால் முக்கால் அலை மேல்நோக்கியே அதிகம் வீசும். பக்கத்து மலை ரிப்பீட்டருக்குப் போதும், சமதரையில் 430 பட்டையில் தூரம் பேச அது சரிப்படாது.

நீளத்தைச் சரிசெய்வது இந்த முழு வேலையிலும் எனக்குப் பிடித்த பகுதி. 300-ஐ 145-ஆல் வகுத்தால் அலைநீளம் 2.07 மீட்டர். அதில் கால் பங்கு 51.7 சென்டிமீட்டர், கம்பியின் தடிமனுக்காக நூற்றுக்கு 5 குறைத்தால் 49 சென்டிமீட்டர். கம்பியைச் சற்று நீளமாகவே வாங்கி, வெட்டி வெட்டிக் கொண்டு வர வேண்டும். 1 மில்லிமீட்டர் குறைத்தால் ஏறக்குறைய 0.3 மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறும். நானோ வி.என்.ஏ. திரையில் எஸ்.டபிள்யூ.ஆர். கோட்டின் பள்ளம் (கம்பி நன்றாகப் பொருந்தும் இடம்) 142 மெகாஹெர்ட்ஸில் தெரிந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்ட வேண்டும், ஆனால் ஒரேயடியாக வேண்டாம், பாதி வெட்டிப் பாருங்கள். அளக்கும்போது கதவுகளை மூடி, கூரைக்குப் பக்கத்தில் ஆள் நிற்காமல், சுவரை விட்டுத் தள்ளித் திறந்த வெளியில் வண்டி நிற்க வேண்டும்.

என் பள்ளம் 145.5-இல் நின்றது, அதன் ஆழம் எஸ்.டபிள்யூ.ஆர். 1.4. இதை 1.0 ஆக்க வேண்டும் என்று சிலர் மணிக்கணக்கில் வெட்டிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல தகட்டின் மேல் நிற்கும் கால் அலைக் கம்பியின் தடை ஏறக்குறைய 36 ஓம். 50-ஐ 36-ஆல் வகுத்தால் 1.4 தான் வரும். ஆக 1.4 என்பது எல்லாம் ஒழுங்காக இருப்பதற்கு அடையாளம். அதே கம்பி மெல்லிய நீளக் கேபிளில் 1.1 காட்டினால்தான் எனக்குச் சந்தேகம் வரும். திரும்பி வரும் சக்தியைக் கேபிளே தின்றுவிடுகிறது, மீட்டர் ஏமாறுகிறது.

மின்சாரத்துக்குச் சிகரெட் லைட்டர்த் துளையைப் பயன்படுத்தக் கூடாது. 50 வாட் ரேடியோ அனுப்பும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த கம்பி, பேட்டரிக்கு ஒட்டியே ஃபியூஸ், எஞ்சின் சுவரைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம். நெகட்டிவ் முனையில் பேட்டரி உணரி இருக்கும் வண்டிகளில் ரேடியோவின் கறுப்புக் கம்பியை அந்த முனையில் மாட்டாமல், பேட்டரியின் பூமிக் கம்பி உடலில் சேரும் இடத்தில் மாட்ட வேண்டும். பெரிய லோரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வண்டி 24 வோல்ட். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் இரண்டும் சமமில்லாமல் சார்ஜ் ஏறி, ஒன்று சீக்கிரம் கெடும். மாற்றிக் கருவி வாங்கித்தான் ஆக வேண்டும்.

எல்லாம் முடிந்து எஞ்சினை ஓடவிட்டபோது ஒன்று புரியவில்லை. பக்கத்து நிலையங்கள் பளிச்சென்று கேட்டன, தூரத்துச் சத்தம் மட்டும் இரைச்சலில் மூழ்கியது. எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் திருப்பி வைத்தேன், இரைச்சல் அப்படியே இருந்தது. ஆகவே ஆல்டர்னேட்டரும் இல்லை, டீசல் ஊசியும் இல்லை. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டே வந்ததில் டேஷ்கேம் ஃபியூஸை எடுத்ததும் இரைச்சல் அடங்கியது. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் அதன் சின்னப் பெட்டிதான் காரணம். அதன் கம்பி முன்கண்ணாடியின் மேல் விளிம்பை ஒட்டி, ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே ஓடியது. பெட்டியை டாஷ்போர்டுக்கு அடியில் இறக்கி, கம்பியின் இரண்டு முனையிலும் ஃபெரைட் வளையம் கடித்து, மிச்சக் கம்பியை அந்த வளையத்துக்குள் சில சுற்றுச் சுற்றியதும் பெரும்பகுதி போய்விட்டது. நல்ல உறையுள்ள வேறு மாற்றிக் கருவி போட்ட பிறகு முழுதும் போனது. ஆன்டெனா எவ்வளவு நல்ல இடத்தில் இருக்கிறதோ அவ்வளவு நன்றாகப் பக்கத்துக் குப்பையையும் கேட்கும். புது ஆன்டெனா போட்டும் தூரம் கேட்கவில்லை என்றால் கம்பியைச் சந்தேகிக்கும் முன் டேஷ்கேமைப் பிடுங்கிப் பாருங்கள்.

இதே ஓட்டையில் 7 மெகாஹெர்ட்ஸும் பேசலாமா என்று கேட்டார்கள். அங்கே கால் அலை 10 மீட்டருக்கும் மேல். சுருள் வைத்துச் சுருக்கிய கம்பிக்கு வண்டி முழுவதும் சேர்ந்தாலும் தகடு போதாது. தொட்டி, பானெட், கதவுகள், புகைக்குழாய் எல்லாவற்றையும் செம்புப் பின்னல் பட்டையால் உடலோடு இணைக்க வேண்டும். அடியும் இதைவிட வலுவானதாகத் தொட்டிச் சட்டத்தில் வர வேண்டும். அது தனி வேலை.

லைசென்ஸ் விஷயத்தில் குறுக்கு வழி வேண்டாம். தேர்வு எழுதி, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் அனுமதியோடு 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறி (காற்றலையில் நம் பெயர்) வாங்கிய பிறகே அனுப்பும் பொத்தானைத் தொடுங்கள். கேட்கவும் பழகவும் அதுவரை நிறைய இருக்கிறது. நான் ஓட்டும்போது கேட்பேன், நீளமாகப் பேச வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திவிடுவேன்.

வேலை முடிந்த பிறகு பலத்த மழைகள் பல வந்து போய்விட்டன. உள்கூரையின் நடுவிளக்கை மறுபடி கழற்றி, ஓட்டையைச் சுற்றி டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பார்த்தேன், ஈரம் இல்லை. எஸ்.டபிள்யூ.ஆர். அதே 1.4. பாலிக் புலாவ் பக்கம் மலைக்குப் பின்னால் இறங்கும்போது கால் அலை சில வளைவுகளில் ரிப்பீட்டரை விட்டுவிடுகிறது. நடுவில் முழு மலையும் நிற்கிறது, அதை எந்தக் கம்பியாலும் மாற்ற முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கம்பியைக் கழற்றி, அடியின் நடு ஊசியைத் துடைத்து, ஓ-வளையத்துக்குக் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தொட்டுத் திரும்ப மாட்டுகிறேன். ரப்பர் வெடிப்புத் தெரிந்தால் உடனே மாற்ற, அதே அளவு வளையங்கள் இரண்டை டாஷ்போர்டு அறையில் போட்டு வைத்திருக்கிறேன்.